மின்மினியின் மச்சம்

"இது என்ன அங்கிள், அழுக்கா?"

ரெட்டைச் சடைக்காரி கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதிலிருந்த மின்மினி படத்தின் முகவாயை நகத்தால் சுரண்டினாள்.

"சுரண்டாதம்மா. அது மச்சம்."

சொல்லும்போதே புத்தக பைண்டருக்குக் குரல் ஏறிவிட்டது. காலையிலிருந்து இது ஏழாவது சுரண்டல்.

கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் ரசிகர்கள் கூடி ஃபோட்டோ கார்டு மாற்றிக்கொள்ளும் நாள். நீள மேசைகள், சுற்றிலும் பள்ளிக்கூடப் பெண்கள், பிளாஸ்டிக் உறைக்குள் அவரவருக்கு உயிரான முகங்கள். டிவி பாட்டுப் போட்டியில் மிஞ்சியிருப்பது ஐந்தே பேர். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வாரம் மயிரிழையில் தப்பியவள் மின்மினி.

அதனால்தான் அந்தப் பெண்கள் கூட்டத்தில், நரைத்த தலையோடு, பைண்டர் ஒரு மேசை பிடித்து உட்கார்ந்திருந்தார். இருநூறு கார்டுகள். அத்தனையும் கையால் செய்தவை. இனாம். பின்பக்கத்தில் அவளுக்கு ஓட்டுப்போட வேண்டிய எண்.

இருபத்தாறு வருடமாகப் புத்தகம் பைண்டு செய்கிறவருக்கு ஏனோதானோ என்று வேலை செய்ய வராது. படத்தை அட்டையில் ஒட்டி, ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்து, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் எடுத்தார். மூலைகளை உளியால் வளைத்து வெட்டினார். கடைசியில், எல்லாம் காய்ந்த பிறகு, மெல்லிய தூரிகையின் நுனியால் ஒரு பழுப்புப் புள்ளி. முகவாயில், இடது பக்கம், கடுகில் பாதி.

இருநூறு முறை. ஒன்றிலும் இம்மி விலகவில்லை.

டிவிக்காரர்கள் வெளியிட்ட படங்களில் அவள் முகம் புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. முதல்முறை பார்த்தபோதே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டு மச்சத்தை அழித்தான்?

"என் ஃபோன்ல அவளோட நானூறு படம் இருக்கு அங்கிள். ஒண்ணுலகூட மச்சம் கிடையாது."

"அழிச்சிருக்கான்மா. கம்ப்யூட்டர்ல வச்சு அழிச்சிருக்கான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நேர்ல பாத்தீங்களா?"

பைண்டர் கார்டு அடுக்கைத் தட்டிச் சமன் செய்தார்.

"கனவுல வந்து காட்டியிருப்பாடி!" என்றது பக்கத்து மேசை. கொல்லென்று சிரிப்பு.

"பிடிக்கலைன்னா கட்டை விரலை வச்சு மறைச்சுக்க. ஓட்டை மட்டும் ஒழுங்காப் போடு," என்றார் பைண்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரெட்டைச் சடைக்காரி கார்டைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். அதற்குள் "போலி கார்டாம்" என்று பேச்சு கூடத்தைச் சுற்றி வந்துவிட்டது. முன்பு வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி கார்டை வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவர் கண்ணெதிரே அந்தக் குவியல் ஏறிக்கொண்டே போனது.

ரெட்டைச் சடைக்காரிக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது போல.

"அந்தப் புள்ளிய மட்டும் சுரண்டிக் குடுங்க அங்கிள். நானே எல்லாருக்கும் குடுக்கறேன். உங்க மின்மினிக்குத்தான நல்லது?"

நியாயமான பேச்சு. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார். ஒரு கார்டை இழுத்து வைத்து, நுனியைப் புள்ளியின் மேல் நிறுத்தினார். இருநூறு புள்ளி. அரை மணி நேர வேலை. அரை மணி நேரத்தில் இருநூறு ஓட்டு.

கை போகவில்லை.

"அவ மூஞ்சி அவ மூஞ்சியாவே இருக்கட்டும்! வேண்டாம்னா போங்க எல்லாரும்!"

மேசையில் அறைந்த அறையில் கார்டுகள் தரையெங்கும் சிதறின. ஒரு சின்னப் பெண் பயந்து நாற்காலிக்குப் பின்னால் போனாள். பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, ஃபோன்கள் மேலே எழுந்து அவரைப் படம் பிடிக்கத் தொடங்கின.

கூட்டத்தை நடத்துகிற அம்மாள் விடுவிடுவென்று வந்தாள். முதலில் அவர் கையிலிருந்த பிளேடை வாங்கி மேசையில் வைத்தாள். அவரைத் தலையிலிருந்து செருப்புவரை ஒருமுறை அளந்தாள். குனிந்து ஒரு கார்டை எடுத்து, அந்தப் புள்ளியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"பதினேழு வயசுப் பொண்ணு மூஞ்சில மச்சம் எங்க இருக்குன்னு இந்த வயசுல ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்ல? பிள்ளைங்க வந்து போற இடம் இது."

பைண்டரின் காது மடல் வரைக்கும் ரத்தம் ஏறியது. ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த அம்மாள் வாயடைத்துப் போவாள். இந்தப் பெண்கள் தரையில் கிடப்பதையெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு பொறுக்குவார்கள்.

"கேக்கறேன்ல? உங்க வீட்டுல பொம்பளப் பிள்ளை யாரும் இல்லையா?"

இருபது ஃபோன்கள் அவர் வாயைப் பார்த்தபடி இருந்தன.

"இல்ல," என்றார் பைண்டர்.

டிவிக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம் அப்படித்தான் சொல்லச் சொன்னது. போட்டி முடியும்வரை குடும்பத்தார் யாரென்று வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே வெளியேற்றம். அதற்குக் கீழே, 'தந்தை' என்று அச்சடித்திருந்த இடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்தான்.