டம்ளரில் ஒரு பல் செட்

"அந்த டம்ளரை என் கண்ணு முன்னாடியிலிருந்து எடுங்க முதல்ல!"

வேலையிலிருந்து வந்து, பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்ட கணவர் திடுக்கிட்டார். ஈறு நோயில் முன்பற்கள் மூன்று போனதும், இருப்பதிலேயே மலிவு என்று டாக்டர் போன வாரம் கொடுத்த செட் அது. எலும்பில் பதிக்கிற பல்லெல்லாம் அவர் சம்பளத்துக்கு எட்டாது.

"கழட்டி வெச்சாத்தான் ஈறுக்கு ஓய்வாம். டாக்டர் சொன்னாரு."

"தெரியும்!"

"தெரிஞ்சுமா இந்தக் குதி குதிக்கிறே? ஒரு வாரமா டம்ளரைக் கண்டாலே எரிஞ்சு விழறே. பொக்கை வாயனோட குடும்பம் நடத்தக் கசக்குதா?"

மனைவியின் முகம் சிவந்தது. "மாடி வீட்டு அக்கா பல் செட் போட்டப்போ என்ன சொன்னீங்க? 'பல்லைக் கழட்டி வைக்கிற பொம்பளையோட அந்த மனுஷன் எப்படித்தான் குடும்பம் நடத்தறாரோ'ன்னு, விழுந்து விழுந்து சிரிச்சீங்களே?"

"அது நாலு வருஷத்துக்கு முந்தின கதை! அந்த அக்காவே மறந்திருப்பாங்க. உனக்கென்ன வந்தது?"

அவள் வாய்க்குள் விரலை விட்டாள். டம்ளருக்குள் இன்னொரு செட் விழுந்தது. அதன் கம்பி தேய்ந்திருந்தது. அவள் ஈறு புண்ணாகிச் சிவந்திருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி தங்கச்சி வீட்டுக்குப் போனேனே, அப்பப் பல்லைப் பிடுங்கி மாட்டினது. தூங்கும்போதுகூடக் கழட்டினதில்லே."

அவரை நேராகப் பார்த்து, பல் போன வாயால் கேட்டாள்.

"இப்பச் சொல்லுங்க. எப்படித்தான் குடும்பம் நடத்தினீங்க?"