மெலிந்த பேனா

மீனாட்சிபுரத்து வீட்டுத் தாழ்வாரத்தில் கடைசல் எந்திரம் சுழல்கிறது. ரங்கசாமி மூங்கில் பேனாவில் உப்புத்தாளை அழுத்துகிறான். மூங்கில் தூள் மாலை வெயிலில் பறந்து அவன் இமையில் படிகிறது. மற்ற பேனாக்களைச் சட்டென்று முடித்தவன், இதை மட்டும் கழற்றித் தடவிப் பார்ப்பதும் மறுபடி மாட்டுவதுமாக இருக்கிறான். அவன் மனைவி துளசிமணி கையில் மெழுகுத் துணியோடு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏனுங்க, இது ஆருக்குங்க?"

"கடைக்குத்தான் புள்ள," என்கிறான் நிமிராமல்.

அவள் பேனாவை வாங்கிப் பிடித்துப் பார்க்கிறாள். காய்த்துப்போன அவள் விரல்களுக்குள் அது நிற்காமல் நழுவுகிறது. யாரோ ஒருத்தியின் மெல்லிய விரலுக்கென்றே இழைத்த பிடி. மெழுகு தேய்த்துப் பளபளவென்று துடைத்து அவனிடமே நீட்டுகிறாள்.

"இன்னுங் கொஞ்சம் தேச்சுப்போடுங்க. அவ வெரலு இதையுங்காட்டி ஒல்லியா இருக்குமுங்களே."

எந்திரத்தின் சுவிட்சுக்குப் போன அவன் கை பாதியில் நிற்கிறது.