இருமலை அடக்கிய கார்

பழைய கார் விற்கும் கடையில் நின்ற அந்த வெள்ளைக் காருக்கு உள்ளுக்குள் ஓயாத இருமல். வாங்க ஆள் வந்தால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

தையல்காரர் சற்குணம் வந்தார். வாரம் இரண்டு தடவை மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக, கைக்கு அடக்கமாக ஒரு வண்டி வேண்டும். ஓட்டிப் பார்த்தார். ஒரு செருமல்கூட இல்லை. வாங்கிவிட்டார்.

பூஜை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

“நசுங்கப்போற நான் சொல்றேன், கேளு. அந்த மனுஷன்கிட்ட இப்பவாவது ஒரு தடவை இருமிக் காட்டிடு” என்றது பழம்.

“வீடுன்னு ஒண்ணு கிடைச்சுட்டா இருமல் தானா நின்னுடும்” என்று சொல்லி, கார் அதன்மேல் ஏறிப் போனது.

மூன்றாம் வாரம், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில், அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டது. இருமி இருமிக் கார் நின்றேவிட்டது.

சற்குணம் மனைவியை ஆட்டோவில் உட்காரவைத்தார். திரும்பி வந்து, ஒற்றை ஆளாய்க் காரைத் தள்ளிப் புளியமரத்தடியில் விட்டார்.

“பாவம், வெயில்ல கெடக்காத. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று பானட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

நிழலில் நின்ற காருக்கு, அந்த மனுஷன் ஓங்கி ஒரு உதை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.