எதிர்க் கொட்டகைக்காரர்

கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அதுவும் படுத்துவிட்டது. அவளுடைய பொரிப்பகத்தில் அப்போதுதான் குஞ்சுகள் முட்டை ஓட்டை உடைத்து வெளியே வர ஆரம்பித்திருந்தன.

வெளியே பேய் மழை. தகரக் கூரை தடதடத்தது.

"மெக்கானிக் என்ன சொல்றான்?"

"வழியில மரம் விழுந்து கிடக்காம். சாயங்காலம் ஆகும்கிறான்," என்றான் கணவன்.

சாயங்காலம் வரைக்கும் எது தாங்கும்? குஞ்சு பொரிக்கும் மெஷின் கதவை மூடி வைத்தால் உள்ளே காற்றில்லாமல் மூச்சு முட்டும். திறந்து வைத்தால் குளிரில் விறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கதவைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதுமாக அவள் அல்லாடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கீச்சுக் குரல்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன.

"விட்டுடும்மா. நம்ம கையில என்ன இருக்கு? வாங்கறவங்ககிட்ட நிலைமையைச் சொல்லிடலாம்."

அவன் டவுனில் பிறந்து வளர்ந்தவன். நல்லவன்தான், சீக்கிரம் கைகழுவிவிடுவான். அவள் வளர்ந்த வீட்டில் அதற்கு வழியே கிடையாது. சின்ன வயதில் குஞ்சுகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போகும். உட்கார்ந்து அழுதால் திரும்பவும் வரும். ஓடிப்போய் மிச்சத்தைக் கூடை போட்டு மூட வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் ஒரு கூடையில் ஆரம்பித்து இவ்வளவு பெரிய கொட்டகை வரை வந்திருந்தாள்.

"எதிர்க் கொட்டகையில ஜெனரேட்டர் ஓடுற சத்தம் கேக்குது. போய்க் கேட்டுப் பார்க்கலாமா?" என்றான்.

"யாரு, அந்தச் சிடுமூஞ்சிகிட்டயா?"

தெருவுக்கு அந்தப் பக்கம் அவரும் பொரிப்பகம்தான் நடத்தினார். இவள் கடை போட்ட நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை. இவளிடம் வந்த வியாபாரிகளை வாசலிலேயே மடக்கி, "அங்கே வாங்கின குஞ்சு பாதி வழியிலயே சுருண்டுடும்" என்று சொல்லி அனுப்பியவர். நாற்றம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்து அதிகாரிகளை வரவழைத்தவரும் அவரே. அவர் கொட்டகையில் என்னமோ சந்தனம் மணக்கிற மாதிரி.

"அவரும் உன்னை மாதிரி ஊர்ல கோழி மேய்ச்சு மேல வந்தவர்தானே? புரிஞ்சுக்குவார்."

"அதனாலதான் சொல்றேன். எங்க ஆளுங்களுக்கு வீம்பு ஜாஸ்திங்க. எனக்கு இல்லையா?"

சொல்லிவிட்டாளே தவிர, கால் நிலைகொள்ளவில்லை. உள்ளே குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வந்தன. வீம்பைப் பார்த்தால் விடிந்த மாதிரிதான். தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

கொட்டகையைச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய ஸ்விட்ச் பெட்டி திறந்து கிடந்தது. அதன் முன்னால் சிடுமூஞ்சி நின்றிருந்தார். கையில் ஒயர் வெட்டுகிற குறடு.

இடிந்து கிடக்கிற நேரம் பார்த்து ஏறி மிதிக்க வந்திருக்கிறாரா?

"என் பெட்டியில உங்களுக்கு என்ன வேலை?" என்றபடி கிட்டே போனாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல மெயினை அணைம்மா. ஷாக் அடிச்சு நான் செத்தா அதுக்கும் ஒரு புகார் எழுதணும்."

அப்போதுதான் அவர் காலடியில் கிடந்த கறுப்புக் கேபிள் கண்ணில் பட்டது. தேங்கிய மழைத் தண்ணீர் படாமல் மரக்கிளைகளில் மாட்டி மாட்டி, தெருவைத் தாண்டி அவர் கொட்டகையிலிருந்து அது வந்திருந்தது.

அவள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். கணவன் ஓடிவந்து கேட்டான். "உங்க ஜெனரேட்டர் சின்னதாச்சே சார், ரெண்டு இடத்துக்கும் இழுக்குமா?"

"இழுக்காது. எங்க மெஷின் இந்த வாரம் காலி. ஜெனரேட்டர் சும்மாதான் ஓடிக்கிட்டிருந்தது." ஒயரை முறுக்கி முடித்துவிட்டு எழுந்தார். "போய்க் கதவைச் சாத்துங்க. வேடிக்கை என்ன வேண்டிக்கிடக்கு?"

சாயங்காலம் மெக்கானிக் வந்து சேருவதற்குள் பெட்டி பெட்டியாகக் குஞ்சுகள் உலர்ந்து, பஞ்சு உருண்டைகளாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சில போனதுதான். மீதி அத்தனையும் பிழைத்துவிட்டன.

"காலியா இருந்ததால குடுத்தார். நாளைக்கு ஊர் பூரா இதைச் சொல்லிக் காட்டப் போறார், பாரேன்," என்றான் கணவன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் கேபிளைத் திருப்பிக் கொடுத்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா?

காலையில் மழை விட்டிருந்தது. கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினாள். முன்வாசல் பூட்டியிருந்ததால் பின்பக்கம் போனாள்.

அங்கே அவருடைய மனைவி மண்ணில் ஒரு பெரிய குழி தோண்டி வைத்திருந்தார். பக்கத்தில் தட்டுத் தட்டாக முட்டைகள். ஒவ்வொரு தட்டாக எடுத்துக் குழிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மெஷின் காலின்னு அண்ணன் சொன்னாரே?"

அந்த அம்மா பதறிப்போய் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் வரவில்லை என்று தெரிந்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீ பார்த்தேன்னு அவர்கிட்ட சொல்லிடாதேம்மா. 'அங்கே குஞ்சு கத்துதுடி, நம்மது இன்னும் வாயைத் திறக்கலை'ன்னு சொல்லி அவரே போய் எங்க மெஷினை நிறுத்திட்டார்."