மூன்றரை மணி நிழல்

“அக்கா, இன்னிக்கு இந்தப் பலாமரம் போயே ஆகணும்” என்றான் யோகராஜ். அவன் பின்னாலேயே மெஷின் ரம்பத்தோடு மரம் வெட்டும் கணபதி வண்டியிலிருந்து இறங்கினான்.

பொன்னம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

“போன வாரம்தான் சார் ரெண்டு பாக்கு மரம் போச்சு. அதுக்கு முன்னாடி முருங்கை. நீங்க சொன்னீங்கன்னு துணி காயப்போடுற கொடியைக்கூட அவிழ்த்துட்டேன்.”

“நிழல் போகலையே.”

அவள் வீட்டை ஒட்டிய காலி மனையில், இடுப்புயர இரும்புக் காலின் மேல், கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம் போல ஒரு கருவி இருந்தது. ஊர் ஊராக வெயிலை அளந்து நாட்டுக்கே ஒரு மேப் போடுகிறார்களாம். வெயில் நன்றாக இருந்தால் அந்தமானின் இந்தப் பெரார்கஞ்ச் ஊருக்கே சோலார் ஸ்டேஷன் வரும் என்று யோகராஜ்தான் சொல்லியிருந்தான். கருவியைக் கவனிக்கப் போர்ட் பிளேயர் ஆபீஸிலிருந்து வருகிறவன் அவன்.

போன மாதத்திலிருந்து தினமும் மூன்றரை மணிக்கு அதன் கணக்கில் வெயில் சட்டென்று குறைந்துவிடுகிறது.

“இப்படியே போனா மேப்ல உங்க ஊர் மங்கலாத்தான் விழும். ஸ்டேஷன் வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் எல்லாரும் உங்களைத்தான் திட்டுவாங்க.”

இப்போதே திட்டுகிறார்கள். காலையில் குழாயடியில் எதிர்வீட்டு ரூபா, “ஊருக்கு வர்ற கரண்டை உங்க மரம் முழுங்குதாமே பொன்னம்மாக்கா” என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

“நான் என்ன வெயிலைத் திருடி டப்பாவிலயா போட்டு வச்சிருக்கேன்?”

கணபதி சிரித்தான். “ஜல்தி சொல்லுங்க சார், வெட்டவா வேண்டாமா?”

“வெட்டு.”

கிளையில் கயிறு ஏறியது. அடிமரம் முழுக்கப் பிஞ்சு. பொன்னம்மா உள்ளே போனாள், வெளியே வந்தாள், அவிழாத கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

“சார், நேத்து முழுக்க உலை வைக்காம அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். நிழல் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷம் வாங்க.”

“எனக்கு ஆபீஸ்ல கிராஃப் வருது அக்கா. நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.”

ரம்பம் உறுமியது. பொன்னம்மா ஓடிப்போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

கணபதி ரம்பத்தை அணைத்தான். “நான் மரம் வெட்டுறவன் சார். ஆள் வெட்டுறவன் இல்ல. போய்ப் பார்த்துட்டுத்தான் வாங்களேன்.”

யோகராஜ் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மணி மூன்றரை. கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் நிழல் ஏறியிருந்தது.

“பார்த்தீங்களா? நான் என்ன சொன்னேன்?”

“மரத்து நிழல் எங்க நிக்குதுன்னு பாருங்க சார்.”

பலாவின் நிழல் வேலியோடு நின்றுவிட்டது, இலை இலையாக, சல்லடை போல. கருவியின் மேல் கிடந்ததோ கத்தியால் வெட்டியது போல ஒரு சதுரம்.

பொன்னம்மா அந்தச் சதுரத்திலிருந்து தரையில் கோடாக நீண்ட நிழலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நிழல் ஓர் இரும்புக் குழாயின் அடியில் போய் முடிந்தது. குழாயின் உச்சியில் ஒரு தகரப் பலகை.

“போன மாசம் உங்க ஆபீஸ் ஆளுங்க நட்டுட்டுப் போனது. நான் மூணாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. தமிழ்னா எழுத்துக் கூட்டுவேன். இது இந்தியும் இங்கிலீஷுமா இருக்கு. என்ன சார் எழுதியிருக்கு?”

யோகராஜ் பலகையைப் பார்த்தான். பிறகு, அடிக்காத செல்போனை எடுத்துப் பார்த்தான்.

கணபதி இந்தத் தீவிலேயே இந்தி படித்து வளர்ந்தவன். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அண்ணாந்து நின்று, நிதானமாகப் படித்துத் தமிழில் சொன்னான்.

“கருவியின் மேல் நிழல் விழச் செய்வது தண்டனைக்குரிய குற்றம்னு போட்டிருக்கு அக்கா.”