இருபத்தியொரு நாள் எண்ணெய்

"மறுபடியும் அதே வீடியோவா வேலம்மா?"

பிசியோதெரபிஸ்ட் மஹதி கேட்டதும் வேலம்மா சட்டென்று செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. 'மூளை முடக்குவாதக் குழந்தையை இருபத்தியொரு நாளிலேயே நடக்க வைக்கும் எண்ணெய்...' என்று ஒரு குரல் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடையாறு தெரபி சென்டரின் வராந்தாவில் காத்திருந்த நாலைந்து பெற்றோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலம்மாவின் மகள் தமிழ்நிலாவுக்கு ஏழு வயது. போன வருஷம் இதே மாதிரி ஒரு வீடியோவை நம்பி, ஆறு மாதம் தெரபிக்கே அழைத்து வராமல் எண்ணெய் தேய்த்தாள் வேலம்மா. குழந்தையின் முட்டி மடங்கி இறுகிப்போய், ஆபரேஷன் வரை போனது. இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிறாள்.

"பட்டது போதாதா? பெரும்பாக்கத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி இவளைத் தூக்கிட்டு வர்றீங்க. வந்து உக்காந்து இந்தக் கண்றாவியப் பார்க்கறீங்க."

"தப்புதான் மேடம்."

"பார்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

வேலம்மா குனிந்து மகளின் ஷூ வாரைச் சரி செய்தாள்.

'இவ திருந்தவே மாட்டா' என்று நினைத்துக்கொண்டே மஹதி அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாள்.

வந்தவர் தௌசீஃப். திருவல்லிக்கேணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தோளில் இரண்டு வயது மகள். முதல் தடவை வருகிறார்.

"உங்களை யார் அனுப்பினாங்க?"

"யாருன்னு தெரியாது மேடம். யூட்யூப் பார்த்துட்டு ஒரு எண்ணெய் ஆர்டர் பண்ணப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு அவ்ளோ நம்பிக்கையா பேசறாரு அந்த ஆளு. மூணு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. அதுக்குக் கீழ ஒருத்தங்க இதைப் போட்டிருந்தாங்க."

போனை நீட்டினார். கமெண்ட் நீளமாக இருந்தது. ஒரு புள்ளி, கமா கிடையாது. கையால் அடிக்காமல், வாயால் பேசிப் போட்டது போலிருந்தது.

'நம்பாதீங்க நானும் இத்தத்தான் தேச்சேன் ஆறு மாசம் தெரபிக்குப் போவல எம்பொண்ணு முட்டி மடங்கி ஆபரேசன் ஆச்சி உங்க ஊர்ல கீற தெரபிக்குப் போங்க மெட்ராஸா இருந்தா அடையாறுல மஹதி மேடம் கீறாங்க திட்டுவாங்க ஆனா புள்ளைங்கள நல்லா பாப்பாங்க'

போட்டவர் பெயர்: தமிழ்நிலா அம்மா.

"இந்த மாதிரி வீடியோ ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் கீழ இவங்க போட்டிருக்காங்க மேடம்" என்றார் தௌசீஃப்.

மஹதி அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள். பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்தாள்.

"இதுக்குத்தான் அதையெல்லாம் பார்க்கறீங்களா? ஏன் என்கிட்ட சொல்லல வேலம்மா?"

வேலம்மா கூச்சத்துடன் எழுந்து நின்றாள்.

"இதுல சொல்றதுக்கு இன்னா கீது மேடம்? நான் போட்டா அந்த வீடியோக்காரன் அழிச்சிட்றான். திரும்பத் திரும்பப் போட்டுக்கினு கீறேன். தெனம் புச்சு புச்சா வேற வீடியோ வந்துடுது. இன்னொரு புள்ளயோட அம்மா அத்தப் பாக்கறதுக்குள்ள நான் பாத்துடணும்ல."