ஆறு ஓநாய்கள்

சுகுமாரியின் வாள் ஆறாவது ஓநாயின் கழுத்தில் இறங்கியது.

"பத்தொம்பதாக்கும்!" என்று கூவிவிட்டு, கையிலிருந்த ரப்பர் விதையைத் துணிப்பைக்குள் போட்டாள். தாணு பெஞ்சில் ஓங்கி அடித்தான்.

பாறசாலை பேரலல் காலேஜ் என்ற டுடோரியலில் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் மூவர்தான். நான்காமவன் ராபின்சன் சற்றுமுன் பாதிச் சண்டையில் எழுந்து போனான். நாளை மறுநாள் அவனுக்கு மஸ்கட் விமானம். பெட்டி கட்ட வேண்டும் என்று அவன் அப்பா ஸ்கூட்டரில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"எலே, என் ஆளெக் கொன்னுராத. அங்க போயிக் கடுதாசி போட்டுக் கேப்பேன்," என்று வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

விளையாட்டு அவன் அண்ணன் அங்கிருந்து அனுப்பியது. ஆளுக்கொரு வீரன், காகிதத்தில். கதையைச் சொல்வதும் மிருகங்களை ஏவுவதும் நான். வெட்ட வேண்டுமானால் பையிலிருந்து ஒரு விதையை எடுத்து, எண்ணைச் சொல்லிவிட்டு, திரும்பப் போட வேண்டும். பெரிய எண் என்றால் வெட்டு விழும். சின்ன எண் என்றால் வீண்.

இருபது முகங்கள் உள்ள பகடை ஒன்று பெட்டியில் இருந்திருக்க வேண்டும். வரும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. அதனால் போன மழைக்காலத்தில் இருபது ரப்பர் விதைகளைப் பொறுக்கிக் கழுவி, டைப்பிங் பிழைகளை மறைக்கும் வெள்ளை மையால் நான்தான் எண்களை எழுதினேன். அன்றிலிருந்து பை அவர்கள் பக்கம். என் பக்கம், அட்டை மறைவில், ஏணியும் பாம்பும் ஆட்டத்துப் பகடை ஒன்று. ஓநாய் கடித்ததெல்லாம் அதில் விழுந்தபடிதான். ஒருநாளும் நான் மாற்றிச் சொன்னதில்லை.

சண்டையை அளந்து வைப்பது என் வேலை. எளிதாக ஜெயித்தால் சப்பென்று போய்விடும். எல்லோரும் செத்தால் கதையே முடிந்துவிடும்.

நான் ட்ரயல் பேலன்ஸ் போடுவதுபோலப் போடுவேன். இடப்பக்கம் வீரர்களின் பலம், வலப்பக்கம் மிருகங்களின் பலம். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். வகுப்பில் என் கணக்கு ஒத்துவந்ததே இல்லை. அக்கவுண்டன்ஸியில் இரண்டு முறை தோற்றவன் நான்.

இங்கே மட்டும் எல்லா வாரமும் ஒத்துவந்தது. ஒவ்வொரு சண்டையிலும் நூலிழையில்தான் பிழைத்தார்கள். வீட்டுக்குப் போய் டைரியில் 'கணக்கு சரி' என்று எழுதுவேன். வேறு எதைப் பற்றியும் நான் அப்படி எழுதியதில்லை.

"ராபின்சனுக்கு நீ எடு மக்கா," என்றான் தாணு.

ராபின்சனின் வீரன் ரத்தம் ஒழுகக் குகைவாசலில் கிடந்தான். பத்துக்கு மேல் வந்தால் பிழைப்பான். கீழே என்றால் போனான். ஆள் இல்லாதபோது கதை சொல்பவன்தான் அவனுக்காக எடுக்க வேண்டும். இதுவரை யாரும் வராமல் இருந்ததில்லை.

சுகுமாரி பையைத் தரவில்லை. "நான் எடுக்கேன். எனக்குக் கை ராசி உண்டு," என்றாள்.

"விதின்னா விதியாக்கும்," என்று சிரித்துக்கொண்டே பையை வாங்கினேன்.

விதை வழவழவென்றிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.

எண் இல்லை.

ஒன்று அழிந்திருக்கும் என்று பையின் வாயை அகல விரித்தேன். பல்பு வெளிச்சத்தில் எல்லாம் பழுப்பாகப் பளபளத்தன, ரப்பர் மரத்தடியில் கிடப்பவைபோல. ஒன்றிரண்டில், வெடிப்புக்குள் மட்டும், கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. எத்தனையோ வாரத்து வியர்வை.

போன வாரம் தாணு "மூணு" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. நிஜமாகவே வலிப்பதுபோல அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் என் கணக்கிலிருந்த பிழையும் எனக்குத் தெரிந்தது. ஓர் ஓநாயின் பலத்தை ஆறால் பெருக்கி வலப்பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆறும் ஒரே சுற்றில் ஒருவன்மேலேயே பாயும் என்பதை எழுதவில்லை. அவன் விழுந்தால் மிச்சமிருப்பவர்கள் கதி என்ன என்பதை எழுதவில்லை. ஓநாய் இரட்டித்தால் ஆபத்து இரட்டிப்பதில்லை, அதற்கும் மேலே போகும். இது ஓநாய்க்கு மட்டுமில்லை. கரடிக்கும், போன மாதத்துக் குகை மனிதர்களுக்கும் இதேதான்.

நான் வைத்த ஒவ்வொரு சண்டையிலும் இவர்கள் செத்திருக்க வேண்டும்.

வாராவாரம் ஒத்துவர வைத்தது நானில்லை. இவர்கள் எனக்காக இல்லாத எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் தோற்று, கொஞ்சம் ஜெயித்து, கடைசியில் நூலிழை விட்டு. என்னைவிட நன்றாக அளந்திருக்கிறார்கள்.

தாணு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன மக்கா?" என்றாள் சுகுமாரி. பரீட்சை முடிவு வந்த அன்று கேட்ட அதே குரலில், மெதுவாக.

பதினைந்து என்று சொல்லலாம். ராபின்சன் பிழைப்பான். தாணு பெஞ்சில் அடிப்பான். கணக்குன்னா நீதான் என்பார்கள். வீட்டுக்குப் போய் அதையும் டைரியில் எழுதலாம்.

விதையை உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"ஒண்ணு," என்றேன்.

தாணு ராபின்சனின் காகிதத்தை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டான்.

விதையைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.